படகு மோட்டாரும் குளிர்நீரும்

நம் நாட்டுக் கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் சிறு எஞ்சினைக் காணாதவர் இரார். மலாய் மீனவர் இதனை 'எஞ்சின் சங்குட்' என்பர். 'சங்குட்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மாட்டுதல், தொங்குதல் என்று பொருள். பொருளின் இயல்பை ஒரே சொல்லில் காட்டும் அழகிய பெயர் இது. படகுத்துறைகளில் 'அவுட்போர்டு மோட்டார்' என்பதும் பெருவழக்காய் உள்ளது. மலாக்கா நீரிணையில் வலை வீசும் மீன்பிடிப் படகு முதல் சரவாக்கின் ரெஜாங் ஆற்றில் மக்களை ஏற்றிச் செல்லும் நீள்படகு வரை எல்லாவற்றையும் தள்ளிச் செல்வது இந்த மோட்டாரே.

இம்மோட்டார் ஓடும்பொழுது உற்று நோக்கினால், அதன் பின்புறத்திலோ பக்கத்திலோ உள்ள சிறு துளையிலிருந்து ஒரு நீர்த்தாரை ஓயாது பீச்சிக்கொண்டிருப்பதைக் காணலாம். அறியாதார் அதனைக் கழிவுநீர் என்று எண்ணக்கூடும். பழகிய படகோட்டியோ மோட்டாரைக் கிளப்பியவுடன் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்தத் தாரையைத்தான். தாரை வந்தால் மோட்டார் பிழைத்தது. நின்றால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் இறுகிவிடும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவ்வாறு நேர்ந்தால், போவது எஞ்சின் மட்டுமன்று. ஆளும் திரும்பாமற் போகலாம். ஒரு குடும்பத்தின் முதலும் ஒரு மனிதனின் உயிரும் அந்த மெல்லிய நீர்க்கோட்டில் தொங்குகின்றன என்பது மிகையன்று. அந்நீர்க்கோடு எவ்வாறு தோன்றியது, அது தடைப்படுவது ஏன், தடைப்பட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பனவற்றை வரலாற்று முறையில் ஈண்டுக் காண்போம்.

நீர் எதற்கு?

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பம் முழுவதும் உழைப்பாக மாறுவதில்லை. சிறு எஞ்சின்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே படகைத் தள்ளப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பகுதி சிலிண்டரின் சுவரில் ஏறுகிறது. உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகும். சுவரை இடையறாது குளிர்வித்தால்தான் மசகெண்ணெய் தன் தன்மை கெடாமல் நிற்கும். பிஸ்டனும் அளவுக்கு மேல் விரியாமல் இருக்கும்.

மோட்டார் வண்டி தன் குளிர்நீரைத் தானே சுமந்து செல்கிறது. ஒரே நீர் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மீண்டும் மீண்டும் சுற்றிவரும். படகுக்கு அத்தொல்லை வேண்டியதில்லை. குளத்தின் நடுவே நிற்பவன் குடத்தில் நீர் சுமப்பானா? கீழிருந்து நீரை எடுத்து, எஞ்சினைச் சுற்றி ஓட்டி, மீண்டும் கீழே விட்டுவிடலாம். முறை எளிதுதான், ஆனால் கடல்நீர் வெறும் நீரன்று. உப்பு, மணல், சேறு, பாசி, இக்காலத்தில் பிளாஸ்டிக் பை ஆகிய அனைத்தும் அதனுடன் கலந்து வருகின்றன. இலவசமாகக் கிடைத்த அந்நீரை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லப் புதுப்புனைவாளர் பட்ட பாடே இம்மோட்டாரின் வரலாற்றில் பெரும்பகுதி எனலாம்.

தொடக்கக் காலம்

படகில் மாட்டவும் கழற்றவும் கூடிய மோட்டாரை முதலில் எண்ணியவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் துருவே. 1881ஆம் ஆண்டில் பாரிசு நகரின் சேன் ஆற்றில் அவர் ஓட்டிக் காட்டியது மின்விசையால் இயங்கியது. அதில் எரிபொருள் இல்லை. ஆதலின் குளிர்நீர்ச் சிக்கலும் எழவில்லை. 1896இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பெட்ரோலால் இயங்கும் படகு மோட்டார்களைச் சிறு எண்ணிக்கையில் செய்தது, அது நிலைபெறவில்லை.

1905ஆம் ஆண்டில் கேமரன் வாட்டர்மன் என்னும் அமெரிக்க இளைஞர், மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் படகின் பின்புறத்தில் மாட்டி டெட்ராயிட் ஆற்றில் ஓட்டிப் பார்த்தார். அந்த எஞ்சின் காற்றால் குளிர்வது. மோட்டார் சைக்கிள் விரைந்து ஓடும்போது எதிர்க்காற்று எஞ்சினைத் தழுவிச் செல்லும். படகோ மெல்லச் செல்வது. அத்துணைக் காற்று அதற்குக் கிடைப்பதில்லை. விற்பனைக்கு மோட்டார் செய்யத் தொடங்கிய வாட்டர்மனும் விரைவிலேயே நீர்க்குளிர்ச்சிக்கு மாறினார். காற்றை விட்டு நீரைப் பற்றிய இந்த மாற்றமே நம் கதையின் முதற்படி.

இம்மோட்டாரை உலகறியச் செய்தவர் ஓலே எவின்ரூட். 1877இல் நார்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர். 1906ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் ஏரியின் நடுவே தம் காதலி பெஸ் விரும்பிய ஐஸ்கிரீமை வாங்கிவர அவர் துடுப்புப் போட்டு அக்கரை சென்றார் என்றும், திரும்புவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அந்தச் சலிப்பே மோட்டார் செய்யும் எண்ணத்தைத் தந்தது என்றும் கூறுவர். கதை எவ்வாறாயினும், 1909இல் விற்பனைக்கு வந்த அவரது மோட்டார் ஒன்றரைக் குதிரைச் சக்தி கொண்டது. எடை 62 இராத்தல், விலையும் 62 டாலர். 1911இல் அதற்குப் புத்தாக்க உரிமம் கிடைத்தது. விளம்பரத்தையும் வணிகத்தையும் திறம்பட நடத்தியவர் அவர் மனைவியான அதே பெஸ் அம்மையாரே. எஞ்சின் மேலே, செங்குத்தான தண்டு நடுவே, பல்சக்கரமும் விசிறியும் நீருக்குள் என்று அவர் அமைத்த உருவமே இன்றளவும் மாறாமல் இருக்கிறது.

நீரை ஏற்றிய மூன்று வழிகள்

எஞ்சின் மேலே இருக்கிறது. நீர் கீழே இருக்கிறது. இடையிலுள்ள மூன்றடி உயரத்தை நீர் எவ்வாறு ஏறும்? இதற்கு மூன்று விடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

முதல் விடை, உந்துதண்டுப் பம்பு. கிணற்றுக் கைப்பம்பைப் போல ஒரு சிறு தண்டு உள்ளும் புறமும் சென்று நீரை உறிஞ்சித் தள்ளும். தொடக்கக்கால மோட்டார்கள் பலவற்றில் இதுவே இருந்தது. நல்ல நீரில் நன்கு வேலை செய்யும். ஆனால் அதன் வாயிலில் உள்ள சிறு தடுக்குகளில் மணற்பரல் ஒன்று சிக்கினாலும் நீர் நின்றுவிடும்.

இரண்டாம் விடை, பம்பே இல்லாமற் செய்வது. சுழலும் விசிறி நீரைப் பின்னே வலிந்து தள்ளுகிறது அன்றோ? அதன் பின்னால் ஒரு துளையை வைத்தால், தள்ளப்பட்ட நீரின் அழுத்தமே குழாய் வழியே மேலேறும். 1920களிலும் 1930களிலும் பல மோட்டார்கள் இம்முறையைக் கையாண்டன. தேயும் உறுப்பு எதுவும் இல்லை என்பது இதன் சிறப்பு. ஆயினும் விசிறி சுழன்றால்தான் நீர் ஏறும். மெல்லச் சுழன்றால் நீரும் மெலியும்.

இக்குறை ஒரு புதிய வசதியால் பெருங்குறையாயிற்று. பழைய மோட்டார்களில் கியர் கிடையாது. கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பிய அக்கணமே படகு பாயும். 1949இல் ஜான்சன் நிறுவனம் முன்னோட்டம், நடுநிலை, பின்னோட்டம் என்னும் மூன்றும் அமைந்த 10 குதிரைச் சக்தி மோட்டாரை வெளியிட்டது. நடுநிலை என்றால் என்ன? எஞ்சின் ஓடும், விசிறி நிற்கும். விசிறி நின்றால், அதனை நம்பிய குளிர்நீரும் நிற்குமன்றோ? ஆகவே விசிறியை நம்பாமல், எஞ்சினோடு எப்பொழுதும் சுழலும் செங்குத்துத் தண்டிலேயே பம்பை வைக்க வேண்டியதாயிற்று. ஒரு வசதி பிறந்தால் அதற்கேற்ப மற்றோர் உறுப்பும் மாறவேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மூன்றாம் விடை அதுவே: ரப்பர் இதழ்ச் சக்கரம். தொழிலாளர் இதனை 'இம்பெல்லர்' என்பர். வளையும் இதழ்களைக் கொண்ட சுழல் பம்புக்கு ஆர்தர் பிரிக்ஸ் என்னும் அமெரிக்கர் 1940இல் உரிமம் பெற்றார். வட்டமான கிண்ணம் ஒன்றில், நடுவில் அன்றிச் சற்று ஒதுங்கி இச்சக்கரம் அமர்ந்திருக்கும். ஒரு பக்கத்தில் இடம் குறுகல். அங்கே இதழ்கள் மடியும். மறுபக்கத்தில் இடம் அகலம், அங்கே நிமிரும். நிமிரும்போது நீர் உள்ளே இழுக்கப்படும். மடியும்போது வெளியே பிதுக்கப்படும். மணற்பரல் வந்தாலும் ரப்பர் வளைந்து வழிவிடும். பழைய தண்டுப் பம்புக்கு இல்லாத இந்தப் பொறுமையே இதன் வெற்றிக்குக் காரணம்.

ரப்பரின் பங்கு

ரப்பர் என்றதும் நம் நினைவு தோட்டங்களுக்குச் செல்வது இயல்பு. அமெரிக்கத் தொழிற்சாலைகள் ரப்பர்ப் பொருள்களைப் பெருக்கிய 1920களிலும் 1930களிலும் அவற்றுக்கு வேண்டிய பாலில் கணிசமான பகுதி மலாயாத் தோட்டங்களிலிருந்தே சென்றது. விடியுமுன் எழுந்து மரம் வெட்டியவருள் பெருந்தொகையினர் தமிழர் என்பதை இவ்விதழ் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் இயற்கை ரப்பருக்கு ஒரு குறை உண்டு. நீரைத் தாங்கும், எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊதிப் பருத்துவிடும். 1930இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வாலஸ் கரோத்தர்சின் குழுவினர் கண்டறிந்த செயற்கை ரப்பர் எண்ணெயை எதிர்த்து நின்றது. பின்னர் 'நியோப்ரீன்' எனப் பெயர் பெற்ற அதுவும், அதனை ஒத்த பிறவகை ரப்பர்களும் இம்பெல்லருக்கு ஏற்றவையாயின. எனினும் எந்த ரப்பரும் உராய்வுக்கு ஈடுகொடாது. இச்சக்கரத்திற்கு மசகு, அது இறைக்கும் நீரே. நீரின்றிச் சுழன்றால் ஒரு நிமிடத்திற்குள்ளாகவே இதழ் நுனிகள் கருகிவிடும். 'கிளம்புகிறதா, பார்ப்போம்' என்று கரையில் வைத்து நீரின்றி மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் வழக்கமே பல இம்பெல்லர்களுக்கு எமனாகிறது.

உப்பும் துத்தநாகமும்

நீர் மேலே ஏறியது. அடுத்த சிக்கல் உப்பு. கடல்நீர் மிகச் சூடேறினால் அதில் கரைந்துள்ள உப்புகள் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஒடுங்கிய வழிகளில் படிந்து கல்லாய் இறுகும். ஆகவே நீர் மிகுதியாகச் சூடேறக் கூடாது. மிகக் குளிர்ந்தும் இருக்கக் கூடாது. எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் எரிபொருள் செம்மையாக எரியாது. இந்த நடுநிலையைக் காப்பது தெர்மோஸ்டாட் என்னும் திறப்பு. 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பார் உருவாக்கிய மெழுகு முறை இதற்கு அடிப்படை. சூடேறினால் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். குளிர்ந்தால் சுருங்கி மூடும். மோட்டார் வண்டியில் இக்கதவு 80 டிகிரிக்கு மேல் திறப்பது வழக்கம். படகு மோட்டாரிலோ பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள்ளேயே திறந்துவிடும். உப்புப் படியாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

உப்புநீரில் இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒன்று அரிக்கும். இதற்கு மருந்து கண்டவர் ஹம்ப்ரி டேவி. 1824இல் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க, இரும்பு, துத்தநாகம் போன்ற மற்றோர் உலோகத்தை அதனோடு பொருத்தலாம் என்று அவர் காட்டினார். தாழ்ந்த உலோகம் தான் கரைந்து மற்றதைக் காக்கும். இன்றும் படகு மோட்டாரின் அடியில் திருகப்பட்டிருக்கும் துத்தநாகக் கட்டி அந்த அறிவின் வழிவந்ததே. அதன்மேல் வண்ணம் பூசுவோர் உண்டு. பூசினால் காவலனைக் கட்டிப்போட்டதற்கு ஒப்பாகும்.

பழுதைத் தேடும் முறை

மேற்கூறிய வரலாற்றை மனத்திற் கொண்டால் பழுதைத் தேடுவது எளிது. நீர் செல்லும் வழியே நாமும் செல்லவேண்டும்; எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் பார்க்கவேண்டும். எதைத் தொடுமுன்னும் எஞ்சினை நிறுத்துக.

தாரை மெலிந்தாலும் நின்றாலும் முதலில் அத்துளையையே பார்க்க. உப்போ மணலோ குளவிக்கூட்டின் மண்ணோ அதனை அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியால் குத்தினால் தீரும் பழுதுக்கு மோட்டாரையே பிரித்தவர் பலர்.

இரண்டாவது, அடியிலுள்ள நீர்வாயில். பிளாஸ்டிக் பையோ பாசியோ சுற்றியிருக்கலாம். கோலா செப்பெத்தாங் போன்ற சதுப்புக்காட்டுக் கழிகளில் தாழ்நீரின்போது செல்வோர் சேற்றையே உறிஞ்ச நேரும். மோட்டாரைப் பலகையில் மிக உயர்த்தி மாட்டியிருந்தாலும் வாயில் நீருக்கு மேலெழுந்து காற்றை இழுக்கும்.

மூன்றாவது இம்பெல்லர். இதனைப் பிரித்துப் பார்க்குமுன் ஓர் அறிகுறியால் உய்த்துணரலாம். மெல்ல ஓடும்போது தாரை மெலிந்தும், விரைந்து ஓடும்போது வலுத்தும் இருந்தால் இதழ்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். ஏனெனில் விரைவில் இதழ்கள் சுவரைத் தொடாமலே நீரை வீசியெறிந்து இறைக்கும். மெதுவில் சுவரோடு ஒட்டினால்தான் இறைக்கும். இதற்கு மாறாக, மெல்ல ஓடும்போது நலமாய் இருந்து விரைந்து ஓடும்போது மட்டும் கொதித்தால், வழியில் எங்கோ பாதியடைப்பு உண்டு. மிகுதியான நீர் வேண்டும்போது அது கிடைப்பதில்லை.

புதிய இம்பெல்லர் பொருத்துவோர் மூன்றை மறக்கலாகாது. தண்டோடு அதனைப் பிணைக்கும் சிறு சாவி உரிய இடத்தில் இருக்கவேண்டும்; அது இன்றேல் தண்டு சுழலும், சக்கரம் நிற்கும். இதழ்கள் சுழலும் திசைக்கேற்ப வளைந்திருக்க வேண்டும். பழைய சக்கரத்தில் இதழ் உடைந்திருந்தால், உடைந்த துண்டுகளை எண்ணிச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது மேலேறிக் குழாயிலோ எஞ்சினிலோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அறிக. புது இம்பெல்லர் போட்டும் கொதிக்கிறது என்று வருந்துவோர் பலரிடம் இதுவே காரணம்.

நான்காவது தெர்மோஸ்டாட். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல மோட்டார்களில் தாரைக்கு வரும் நீர், தெர்மோஸ்டாட்டைக் கடவாமலே பிரிந்து வருகிறது. ஆகவே தாரை நன்கு வருவது 'பம்பு நீர் இறைக்கிறது' என்பதற்குச் சான்றேயன்றி, 'எஞ்சின் முழுவதும் குளிர்கிறது' என்பதற்குச் சான்றன்று. தாரை வலுவாக வந்தும் எஞ்சின் கொதித்தால், கதவு மூடியபடி நின்றுவிட்டதோ, உள்வழியில் உப்புப் படிந்ததோ என்று ஐயுறுக. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூல்கட்டி வெந்நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியைக் கொண்டு எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று அடுப்படியிலேயே சோதிக்கலாம். கதவு கெட்டதென்று அதனை அடியோடு நீக்கி ஓட்டுவது முறையாகாது. எஞ்சின் போதிய சூடு ஏறாமல் வேறு பழுதுகளுக்கு இடமாகும்.

இவை அனைத்தினும் மேலானது வருமுன் காத்தல். கடலிலிருந்து திரும்பிய ஒவ்வொரு நாளும் நன்னீரைச் செலுத்திச் சில நிமிடம் மெல்ல ஓட்டினால் உப்புப் படிய இடமில்லை. பெரிய பீப்பாயில் நீர் நிரப்பி அதில் மோட்டாரை அமிழ்த்தி ஓட்டுவோரும் உண்டு. நீர்மட்டம் பம்புக்கு மேல் இருக்கவேண்டும். இம்பெல்லர் விலை சிறிது. எஞ்சின் விலை பெரிது. தேயும்வரை காத்திராமல் உரிய காலத்தில் மாற்றிவிடுவதே சிக்கனம்.

வரலாறு கற்பிப்பது

1939இல் கார்ல் கீக்காபர் என்னும் அமெரிக்கர் ஒரு தொழிற்சாலையை வாங்கியபோது, பழுதென்று திருப்பியனுப்பப்பட்ட சில நூறு படகு மோட்டார்களும் உடன் வந்தன. அவர் அவற்றை ஒதுக்கித் தள்ளவில்லை; பிரித்துக் குறையறிந்து செப்பனிட்டு விற்றார். 'மெர்க்குரி' என்னும் புகழ்பெற்ற மோட்டார் அங்கிருந்தே தோன்றியது. பழுதை ஆராய்ந்தவனுக்கு அதுவே முதலாயிற்று.

பின்னர் ஜப்பானியர் முன்வந்தனர். தொகாட்சு 1956இலும் யமஹா 1960இலும் படகு மோட்டார் செய்யத் தொடங்கின. எவின்ரூட்டின் வழிவந்த பெருநிறுவனம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நொடித்தது. வேறொரு நிறுவனத்தின் கையில் வாழ்ந்த அப்பெயர் கொண்ட மோட்டார்களின் உற்பத்தியும் 2020இல் நின்றது. பெயர்கள் தோன்றின, மறைந்தன. அடிவாயிலில் புகுந்து, ரப்பர் இதழால் மேலேறி, எஞ்சினைத் தழுவி, சிறு துளையில் வெளிப்படும் நீரின் வழி மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு புதுமையும் முன்னைய குறையைத் தீர்த்தது. தனக்கென ஒரு குறையையும் கொணர்ந்தது. தண்டுப் பம்பை மணல் கொன்றது. விசிறிமுறையை நடுநிலைக் கியர் கொன்றது. ரப்பர் இதழை வறட்சி கொல்கிறது. இதனை அறிந்தவன் பழுதுகண்டு மலைப்பதில்லை. எந்த உறுப்பு எதனால் சாகும் என்பது அவனுக்குத் தெரியும்.

கடலோரப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்க்கு இம்மோட்டார் ஒரு நடமாடும் ஆய்வுக்கூடம். வெப்பம், அழுத்தம், உராய்வு, உலோக அரிப்பு ஆகிய நான்கு பாடங்களையும் மாணவன் நாள்தோறும் காணும் ஒரே பொருளில் காட்டலாம். தன் தந்தையோ அண்டை வீட்டாரோ படகைக் கிளப்பும்போது, 'தண்ணீர் வருகிறதா?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, அறிவியலை ஏட்டில் மட்டும் கற்றவனல்லன். அந்தக் கேள்வி ஒரு நாள் ஓர் எஞ்சினைக் காக்கும்; மற்றொரு நாள் ஓர் உயிரையும் காக்கும்.